வந்த சேதி

வியாழக்கிழமை நாடாளுமன்றத்து ஆட்கள் வருகிறார்கள், வேறெங்கும் இல்லை, நம் முற்றத்துக்கே வருகிறார்கள் என்று செனாம் ஓடிவந்து சொன்னபோது அமேர்லியின் இரண்டு கைகளும் முழங்கைவரை மாவில் இருந்தன.

“யாரு வர்றாங்கன்னே?”

“எம்.பி.ங்கக்கா. வாடகை வீட்டுச் சட்டத்துக்குன்னு போட்ட குழு. ஏழு பேரு. தலைவி லாமிசி அம்மாவே நேர்ல வர்றாங்க.”

“போடி இவளே. போன வருஷமும் இப்படித்தான் குதிச்சே. கடைசில யாரோ ஒருத்தன் வந்து கக்கூஸைப் படம் புடிச்சுக்கிட்டுப் போனான்.”

“இது அப்படி இல்லக்கா. முத்திரை குத்துன கடுதாசி. இந்தா, பாரு.”

“கையில மாவு. நீயே படி. மெதுவாப் படி, இங்கிலீசுல கொட்டாதே.”

செனாம் ஆறாம் அறைக்காரி, தையல்காரி. அக்ரா நகரத்துப் புபுவாஷி பகுதி வாடகைக் குடித்தனக்காரர் சங்கத்துக்குச் செயலாளரும் அவள்தான். அவள் தைத்த ரவிக்கையில் ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கியிருக்கும், அது வேறு கதை. ஆனால் மனு எழுத உட்கார்ந்தால் ஒரு எழுத்துக் கோணாது. ஏழைகளுக்கு வாடகை வீடு கட்டிக் கொடுங்கள், முன்பணக் கொடுமைக்குக் கடிவாளம் போடுங்கள் என்று இதோடு ஒன்பது கடிதம் எழுதிவிட்டாள். எட்டுக்குப் பதில் இல்லை. ஒன்பதாவதுக்குத்தான் இந்த முத்திரைக் கடுதாசி. ஒரு வீட்டை நேரில் பார்த்து, அங்கே இருக்கிறவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதிக்கொள்வார்களாம். அந்த ஒரு வீடு இந்த மஞ்சள் வீடு.

மஞ்சள் வீடு என்று பேர்தான். மஞ்சள் உதிர்ந்து எத்தனையோ மழைக்காலம் ஆயிற்று. நடுவில் முற்றம், சுற்றிப் பதினோரு அறை. பதினோரு அறைக்கு ஒரு குழாய், ஒரு குளியல் மறைப்பு, ஒரு கக்கூஸ். கக்கூஸ் சாவியை யாராவது தொலைத்துவிடுவார்கள் என்று அதை முழ நீளப் பலகையில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அந்தப் பலகையைக் கையில் பிடித்து நடக்கிறவரிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை என்பது வீட்டின் சட்டம்.

முற்றத்தின் கிழக்கு மூலையில் அமேர்லியின் அடுப்பு. மூன்று பெரிய கல், மேலே இரண்டு பேர் கட்டிப்பிடிக்கிற பானை. கெங்கி அவித்து விற்கிறவள் அவள். மக்காச்சோளத்தை இரண்டு நாள் ஊறப்போட்டு, மில்லில் அரைத்து, பிசைந்து மூன்று நாள் புளிக்கவிட வேண்டும். பிறகு பாதி மாவைத் துடுப்புப் போட்டு அரைவேக்காடாகக் கிண்டி, பச்சை மாவோடு சேர்த்துப் பிசைந்து உருட்டி, சோளக்கதிரின் மேல்தோலில் சுற்றி முறுக்கி அடுக்கி அவிப்பாள். தோளெல்லாம் கழன்றுபோகும். பதினான்கு வருஷமாக அவள் பானை திறக்கும் நேரம் பார்த்துத்தான் ட்ரோட்ரோ என்கிற மினிபஸ் டிரைவர்கள் முக்கில் வண்டியை ஓரம் கட்டுவார்கள். பொரித்த மீனும் அரைத்த பச்சை மிளகாயும் வைத்து அவள் கொடுத்தால், வாய் எரிந்தாலும் இன்னொன்று கேட்பார்கள். அவள் சமையலை யாராவது குறை சொன்னால் எனக்கே கோபம் வரும்.

இந்த மாசக் கடைசியோடு அவள் வாடகைக் கெடு முடிகிறது. வீட்டுக்காரர் ஊரோடு போய்ப் படுத்துவிட்டார். அவருடைய அக்கா மகன் அடோமாக்கோதான் இப்போது எல்லாம். அவன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்: வாடகை இரண்டு மடங்கு, இரண்டு வருஷத்துக்கும் சேர்த்து ஒரே கட்டாக முன்னாலேயே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் காலி. ஆறு மாதத்துக்கு மேல் முன்பணம் கேட்கக்கூடாது என்று சட்டம் இருக்கத்தான் இருக்கிறது. ஊரில் யார் மதிக்கிறார்கள்? தலைக்கு ஒரு கூரை எங்கேயாவது கிடைத்துவிடும். இந்தப் பானை வைக்கிற அளவுக்கு முற்றமும், பக்கத்திலேயே மில்லும், பழகின வாடிக்கையும் எங்கே கிடைக்கும்? அடுப்பு போனால் குடும்பத்தின் சோறு போச்சு. அவள் புருஷன் லார்யே ஓட்டுகிற ட்ரோட்ரோ வாரத்தில் மூன்று நாள் பட்டறையில் கிடக்கிற வண்டி.

“நீதாங்க்கா பேசணும்,” என்றாள் செனாம். “சங்கத்துல எல்லாரும் ஒரே வாயாச் சொல்லிட்டாங்க.”

“நானா? ஆறாங் கிளாசோட நின்னவ நான். நீ பேசுடி.”

“எனக்கு எழுத வரும். பேச நின்னா தொண்டை கட்டிக்கும். உன் தொண்டைதான் முக்குவரைக்கும் கேக்குதே.”

அது என்னவோ உண்மை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அடோமாக்கோ வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, கையில் இரண்டு போன். வாடகை கேட்க வந்தால் முற்றத்திலேயே நின்று கூப்பிடுகிறவன், அன்று அவள் அறை வாசலில் செருப்பைக் கழற்றினான். சும்மா வரவில்லை என்று அமேர்லிக்கு அப்போதே தெரிந்தது. ஆனாலும் முறை முறைதானே. ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். அவன் உட்கார்ந்தான். மண்பானைத் தண்ணீரைக் கண்ணாடித் தம்ளரில் ஊற்றித் தட்டில் வைத்து வலது கையால் நீட்டினாள். அவன் பாதி குடித்துக் கொடுத்தான்.

“இங்க எல்லாம் நல்லபடி. வந்தவங்க நீங்க. வந்த சேதி சொல்லுங்க,” என்றாள்.

இதைக் கேட்காமல் இந்த நாட்டில் யாரும் யார் வீட்டிலும் பேச்சை எடுப்பதில்லை. சண்டைக்கு வந்தவனாக இருந்தாலும் முதலில் இருக்கை, பிறகு தண்ணீர், பிறகு வந்த சேதி. வீட்டில் ஆயிரம் பிடுங்கல் இருக்கட்டும், “இங்க எல்லாம் நல்லபடி” என்று சொல்லித்தான் சேதி கேட்க வேண்டும். கேட்கும்வரை வந்தவர் வாய் திறக்கக்கூடாது. யார் தண்ணீர் கொடுத்துச் சேதி கேட்கிறாரோ அவர்தான் வீட்டு ஆள். பதினோரு அறைக்குள்ளும் அவரவர் வீட்டு ஆள்தான். முற்றத்துக்கு வந்துவிட்டால் எல்லோரும் குடித்தனக்காரர்கள். ஜனத்தொகை எடுக்க வந்தவரோ தண்ணீர் வாரியத்துக்காரரோ முற்றத்தில் வந்து நின்றால் அடோமாக்கோவுக்கு ஆள் அனுப்புவார்களே தவிர, பதினான்கு வருஷத்தில் ஒருநாளும் அமேர்லி அங்கே தண்ணீர் எடுத்துக்கொண்டு போனதில்லை.

“வியாழக்கிழமை எல்லாரும் கூடி ஒப்பாரி வைக்கப் போறீங்களாமே,” என்றான் அடோமாக்கோ.

“உள்ளதைச் சொல்லப் போறோம்.”

“அக்கா, நான் கெட்டவன் இல்ல. மாமாவுக்கு நான் பதில் சொல்லணும். கூரை மாத்தணும், செப்டிக் டேங்க் நெறைஞ்சு கெடக்கு, ஆஸ்பத்திரிச் செலவு வேற. அந்தக் காசு எங்கேருந்து வரும்? எம்.பி. குடுப்பாங்களா?”

“அதையும் அவங்ககிட்ட சொல்லுங்க தம்பி. யாரு வேணாங்கறா?”

அவன் ஸ்டூலை இழுத்துக் கொஞ்சம் கிட்டே வந்தான். குரலை இறக்கினான்.

“நீ பொய் சொல்ல வேண்டாம். ஒரே ஒரு வார்த்தை. ‘இங்க எல்லாம் நல்லபடி.’ இப்ப என்கிட்ட சொன்னியே, அதே வார்த்தை. அதை அவங்க முன்னாடி சொல்லிட்டு உக்காந்துரு. உனக்கு மட்டும் ஆறு மாசம் முன்பணம் போதும், பழைய வாடகையே. அடுப்பும் அங்கேயே இருக்கட்டும்.”

“மத்த பத்து அறை?”

“அவங்க பாடு அவங்களுக்கு.”

“நான் சொல்லலைன்னா?”

“மாசக் கடைசியில பானையைத் தூக்கிக்கிட்டுக் குடும்ப வீட்டுக்குப் போக வேண்டியதுதான். உனக்கென்ன, நீ இந்த அக்ரா மண்ணுக்காரி. எங்களை மாதிரிப் பொழைக்க வந்தவளா?”

குடும்ப வீடாம், குடும்ப வீடு! ஜேம்ஸ் டவுனில் அவள் அம்மா வழி வீட்டில் ஒரே அறையில் மூன்று அக்கா தங்கைகளும் அவர்கள் பிள்ளைகளும் படுத்திருக்கிறார்கள். ஒருத்தி புரண்டு படுத்தால் ஐந்து பேர் எழுந்திருக்க வேண்டும். அங்கே இந்தப் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்கலாம், இறக்க இடம் இருக்காது. அது தெரிந்துதான் அவன் சொன்னான்.

சாயங்காலம் லார்யே வந்து உட்கார்ந்ததும் இரண்டு கெங்கியைப் பிரித்து மீனோடு வைத்தாள். அவன் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கை கழுவாமல் உட்கார்ந்திருந்தான்.

“சொல்லிரு,” என்றான்.

“என்னத்த?”

“அந்த ஒரு வார்த்தையைத்தான். சட்டம் எப்ப வரும்? அடுத்த தேர்தலுக்கு அப்புறமா? அதுவரைக்கும் எங்க அவிப்பே? என் வண்டி மேல வச்சா?”

“செனாம் மூஞ்சில எப்படிய்யா முழிப்பேன்?”

“மூஞ்சியப் பாத்தா மாவு வேகாது அமேர்லி. நாலு பேருக்காகப் பேசுறேன்னு போய் நாம நடுத்தெருவுல நின்னா, அந்த நாலு பேரு வந்து இடம் குடுப்பாங்களா? அவங்களே நிக்க இடம் இல்லாதவங்க.”

“கோழைத்தனமால்ல இருக்கு.”

“கோழைதான். புள்ளைங்க வச்சிருக்கறவன் கோழையாத்தான் இருப்பான்.”

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவளுக்கு ஆசையே இல்லை என்று சொன்னால் நான் பொய்க்காரன். ஆசை இருந்தது. பழைய வாடகை, அதே மூலை, அதே மூன்று கல். பொய்கூட இல்லையே, எல்லோரும் எல்லோரிடமும் தினமும் சொல்கிற வார்த்தை. மறுநாள் மாவு கிண்டும்போது துடுப்பை ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் அதுவே மனசில் வந்துகொண்டிருந்தது.

புதன்கிழமை ஒத்திகை. முதல் அறை இசாக்காவுக்கு எம்.பி. வேஷம். பெட்ரோல் பங்கில் ராத்திரிக் காவல்காரர் அவர். இருபத்திரண்டு வருஷமாக இந்த வீட்டில் இருக்கிறவர். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, கவிழ்த்த வாளிமேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

“ம். சொல்லும்மா. இந்த வீட்டுல எத்தனை பேரு?”

“முப்பத்தெட்டு.”

“முப்பத்தெட்டுப் பேருக்கு ஒரு கக்கூஸா? காலையில என்ன செய்வீங்க?”

“வரிசையில நிப்போம். நீங்களும் நில்லுங்க எம்.பி. ஐயா, உங்க முறை முப்பத்தொம்பது.”

முற்றமே சிரித்தது. செனாம் மட்டும் காகிதத்தை வைத்துக்கொண்டு தலையில் அடித்துக்கொண்டாள்.

“அக்கா, மூணு நிமிஷந்தான் தருவாங்க. விளையாடாதே. மொதல்ல மாசாமாசம் வாடகை. ரெண்டாவது, மீறுனா தண்டனை. மூணாவது, நம்மளை மாதிரி ஆளுங்களுக்கு அரசாங்கமே வாடகைக்கு வீடு கட்டணும். இந்த மூணும் வந்துரணும்.”

“வரும்டி.”

“ஏன் என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்கறே?”

“கண்ணுல அடுப்புப் புகை. அப்படித்தான் இருக்கும்.”

செனாமின் கெடு அவளுடையதற்கு இரண்டு மாதம் கழித்து முடிகிறது. இசாக்காவுக்கு அடுத்த ஜனவரி. அமேர்லி அதைத் தனக்குள் எண்ணிப் பார்த்தாள், பிறகு எண்ணாமல் இருக்கப் பார்த்தாள். அடோமாக்கோ வந்த விஷயத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அதுதான் அவளைப் போட்டு அரித்தது.

வியாழன் விடியும்போதே மழை. ஜூன் மாத மழைக்கு அக்ராவில் நேரங்காலம் கிடையாது. ஓட்டைத் தகரத்தை எடுத்து அடுப்புக்கு மேல் சரித்து வைத்து, ஈர விறகோடு மல்லுக்கட்டி அவள் பானையைக் கொதிக்க விட்டாள். கண் எரிந்தது. எம்.பி. வருகிறார்கள் என்பதற்காகப் புளித்த மாவு காத்திருக்குமா? பத்து மணிக்கு மழை நின்றது. முற்றம் சேறு. இசாக்கா எங்கிருந்தோ பலகைகள் கொண்டுவந்து வாசலிலிருந்து நடைபாதை போட்டார்.

அடோமாக்கோ தன் பங்குக்குப் பந்தல் போட்டு, வெள்ளை நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தான். ஐஸ் பெட்டி நிறையப் பாட்டில் தண்ணீர். குடித்தனக்காரர்களுக்கு நாற்காலி இல்லை. அவரவர் அறை வாசலில் நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டான். லார்யே அன்று வண்டி எடுக்கவில்லை. அறை வாசலில் கைகட்டி நின்றான். பொண்டாட்டி முகத்தைப் பார்க்கவில்லை.

பன்னிரண்டரைக்கு வந்தார்கள். இரண்டு வண்டி. அடோமாக்கோ ஓடிப்போய், வண்டியிலிருந்து இறங்க இறங்க ஒவ்வொருவர் கையிலும் ஒரு பாட்டிலைத் திணித்தான். “வாங்க மேடம், வாங்க சார், வெயில்ல நிக்காதீங்க” என்றான். வெயிலே இல்லை.

லாமிசி அம்மா அறுபதைத் தாண்டியவர். நாட்டின் வடக்குப் பக்கத்தவர், நெய்த கோடுபோட்ட உடை, தலையில் அதே துணிக் கட்டு. பலகை நடைபாதையில் நிதானமாக நடந்து வந்து நடு நாற்காலியில் உட்கார்ந்தார். பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டார். திறக்கவில்லை. மற்ற ஆறு பேரும் அவரைப் பார்த்தபடி உட்கார்ந்தார்கள். குறிப்பு எழுத வந்த கிளார்க் நோட்டைப் பிரித்தார்.

அடோமாக்கோ தொடங்கிவிட்டான். “இது எங்க மாமா கட்டின வீடு மேடம். முப்பத்தஞ்சு வருஷம். எல்லாரும் ஒரே குடும்பம் மாதிரி. ஒரு புகார் கிடையாது, நீங்களே பாருங்க...”

லாமிசி அம்மா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அவன் பேசி முடித்தான். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மற்றவர்களும் ஒன்றும் சொல்லவில்லை. பந்தலிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது. அவன் மறுபடி கொஞ்சம் பேசினான், மறுபடி முடித்தான்.

கிளார்க் கைக்கடிகாரத்தைப் பார்த்து, “ஆரம்பிக்கலாமாம்மா?” என்றார்.

“இருப்பா. நம்மளை இன்னும் யாரும் ஒண்ணும் கேக்கலியே.”

“கேளுங்க மேடம், என்ன வேணும்னாலும் கேளுங்க!” என்றான் அடோமாக்கோ.

“கேக்க வேண்டியது நாங்க இல்ல தம்பி,” என்றார் அவர், சிரித்தபடியே.

இசாக்கா தன் வாசலிலிருந்து யாருக்கோ சொல்வதுபோல் சொன்னார்: “நிக்கறவன் கையில குடுத்தா அது தண்ணியா? ரோட்டுல சிக்னல்ல விக்கறாங்களே, அது.”

அடோமாக்கோவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆபீசும் போனுமாக இருந்தவன், முறையை மறந்துவிட்டான். இப்போது அவன் எழுந்து மறுபடி தண்ணீர் கொண்டுவந்தால் அவசரத்தில் செய்த தப்பு ஊரறியத் தெரிந்துபோகும். திரும்பி அமேர்லியைப் பார்த்தான். கண்ணாலேயே கூப்பிட்டான். நீ கொண்டுவா, கொண்டுவந்து அந்த வார்த்தையைச் சொல்லு, அவ்வளவுதான்.

அமேர்லிக்கும் எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. பெரிய இடத்து மனுஷி ஒருத்தி சேறு மிதித்து வந்து உட்கார்ந்து, வீட்டு ஆள் யார் என்று காத்திருக்கிறாள். அமேர்லி கையைக் கழுவி இடுப்பில் கட்டிய துணியில் துடைத்தாள். அறைக்குள் போனாள். தம்ளர் நாலுதான் இருந்தது.

“ஏ செனாம், ரெண்டு தம்ளர் குடு!”

செனாம் இரண்டு கொண்டு ஓடிவந்தாள். ஏழாவதுக்கு இசாக்கா தன் தகரக் குவளையைச் சாம்பல் போட்டு விளக்கிக் கொடுத்தார். மண்பானைத் தண்ணீர். தட்டைத் தூக்கிக்கொண்டு அமேர்லி வாசற்படி இறங்கி முற்றத்துச் சேற்றில் கால் வைத்தாள். விருந்தாளிக்குத் தண்ணீரோடு அங்கே இறங்குவது பதினான்கு வருஷத்தில் இதுதான் முதல் முறை. கால் கூசவில்லை என்று பிற்பாடு அவளே சொன்னாள்.

லாமிசி அம்மாவுக்கு முன்னால் முழங்காலைச் சற்று மடித்து வலது கையால் கொடுத்தாள். அவர் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டுத் தம்ளரை வாங்கிக் குடித்தார். ஏழு பேரும் குடித்தார்கள். தகரக் குவளை ஒரு கோட்டுக்காரருக்குப் போயிற்று. அவரும் முகம் சுளிக்காமல் குடித்தார். தம்ளர்கள் திரும்ப வந்தன. கிளார்க் பேனாவை எடுத்தார்.

“இங்க...” என்று அமேர்லி ஆரம்பித்தாள்.

அடோமாக்கோ புன்னகை செய்தான்.

அவள் நிறுத்தினாள். இசாக்கா நிற்கிற வாசலைப் பார்த்தாள். செனாமைப் பார்த்தாள், அவள் காகிதத்தைக் கசக்கிப் பிடித்திருந்தாள். மற்ற அறைக்காரர்கள் எல்லோரும் அவரவர் வாசலில் நின்றார்கள். கிளார்க் என்ன எழுதுவார் என்று அவளுக்குத் தெரியும். குடியிருப்பவர் சொன்னது: எல்லாம் நல்லபடி. அந்த ஒரு வரி போதும், செனாமின் ஒன்பது கடிதமும் குப்பைக்குப் போக.

“அம்மா, மன்னிக்கணும். ‘இங்க எல்லாம் நல்லபடி’ன்னு சொல்லித்தான் வந்தவங்களைச் சேதி கேக்கணும். அதுதான் முறை. எனக்குத் தெரியாம இல்ல. என் வீட்டுக்கு வர்ற விரோதிக்கும் நான் அதைச் சொல்வேன். ஆனா இன்னிக்கு அதைச் சொல்ல எனக்கு வாய் வரல. இங்க நல்லபடி இல்லம்மா. அதைச் சொன்னா என் அடுப்பு மட்டும் நிக்கும்னு எனக்கு ஆசை காட்டினாங்க. ஆசையும் பட்டேன். இந்தா, இவங்க எல்லாரும் இப்பதான் அதைக் கேக்கறாங்க. முறையில குறை வச்சது நான், அது என் தலையில இருக்கட்டும். ஆனா தண்ணி குடுத்தது நான். இந்த முற்றத்தைக் கூட்டுறது நாங்க, விளக்குறது நாங்க, இங்க பொறந்த புள்ளைக்குப் பேர் வச்சது நாங்க. வீட்டு ஆளு நாங்கதான். வந்த சேதி சொல்லுங்க.”

செனாம் அழுதுகொண்டிருந்தாள், அதைத் துடைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

லார்யே நகர்ந்தான். அறைக்குள் போய், வீட்டில் இருந்த ஒரே முதுகுச் சாய்வுள்ள நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சேற்றில் நடந்து வந்தான். லாமிசி அம்மாவுக்கு நேர் எதிரே, வீட்டு ஆள் உட்காருகிற இடத்தில் அதைப் போட்டான்.

“உக்காரு,” என்றான். “நின்னுக்கிட்டா சேதி கேப்பாங்க?”

அவள் உட்கார்ந்தாள்.

லாமிசி அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, முறைப்படி பதில் சொன்னார். “எங்க பக்கம் கெட்ட சேதி ஒண்ணும் இல்லம்மா. வாடகை வீட்டுக்கு ஒரு சட்டம் எழுதப் போறோம். எழுதறதுக்கு முன்னாடி, அதுல குடியிருக்கப் போறவங்களைக் கேட்டுட்டு எழுதணும்னு தோணிச்சு. கேக்கத்தான் வந்தோம். சொல்லுங்க.”

அமேர்லி சொன்னாள். மூன்று நிமிஷம் முக்கால் மணி நேரம் ஆயிற்று. மாசாமாசம் உழைத்துச் சாப்பிடுகிறவனிடம் இரண்டு வருஷத்தை ஒரே நாளில் கேட்டால் எங்கே போவான் என்று கேட்டாள். சட்டம் எழுதினால் போதாது, அதற்குப் பல்லும் வேண்டும் என்றாள். கெங்கி அவிக்கிறவளும் காவல் காக்கிறவரும் வண்டி ஓட்டுகிறவனும் இல்லாமல் இந்த ஊர் ஒருநாள் ஓடுமா, ஓடாது என்றால் அவர்கள் ராத்திரி எங்கே படுப்பது, அரசாங்கம் அதற்கு வீடு கட்டட்டும், நாங்கள் இனாம் கேட்கவில்லை, வாடகை கொடுப்போம் என்றாள். அடோமாக்கோவையும் விடவில்லை. “இந்தத் தம்பி மாமாவுக்குக் கூரை மாத்தக் காசு இல்ல. அவங்களுக்குக் குறைஞ்ச வட்டிக்குக் கடன் குடுங்க. அவங்க கழுத்தை நீங்க நெருக்குனா அவங்க எங்க கழுத்தை நெருக்குவாங்க” என்றாள். அவன் தலையைத் தூக்கி அவளை ஒரு தடவை பார்த்தான். செனாமின் மூன்றும் வந்துவிட்டன, நாலாவதாக ஒன்றும் வந்துவிட்டது. கோட்டுக்காரர் பலகை கட்டின சாவியை வாங்கிக்கொண்டு கக்கூஸைப் பார்த்துவிட்டு, கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி வந்து உட்கார்ந்தார். கிளார்க் இரண்டு முறை பேனா மாற்றினார்.

கடைசியில் லாமிசி அம்மா உடையை ஒதுக்கிக்கொண்டார். “நேரமாச்சு. வழி கேக்கறோம்.”

“தாராளமாப் போய்ட்டு வாங்க மேடம்,” என்று அடோமாக்கோ எழுந்தான்.

அவர் அவன் பக்கம் திரும்பவில்லை. அமேர்லியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வந்தவர் வீட்டு ஆளிடம் வழி கேட்பதும், வீட்டு ஆள் கொடுத்த பிறகு எழுந்திருப்பதும்தான் மரியாதை. திரும்ப வரவேண்டிய ஆளுக்கு முழு வழியும் கொடுத்துவிடமாட்டார்கள். பாதியைக் கொடுத்துப் பாதியைத் தங்களிடம் வைத்துக்கொள்வார்கள்.

“பாதி வழி தர்றோம்மா,” என்றாள் அமேர்லி. “மீதிப் பாதி எங்ககிட்ட இருக்கட்டும். சட்டத்தோட வந்து வாங்கிக்கோங்க.”

“யார்கிட்ட வந்து வாங்கணும்? உங்ககிட்டயா?”

“என்கிட்ட மட்டும் இல்ல. பதினோரு அறைக்கும் பங்கு வச்சாச்சு. ஒரு துண்டு குறைஞ்சாலும் உங்களுக்கு வழி சேராது.”

லாமிசி அம்மா வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கிளார்க்கிடம் சொன்னார்: “எழுதிக்கோ. குழுவோட மீதி வழி இந்த வீட்டுப் பதினோரு அறையிலயும் இருக்கு. சட்டம் முடிஞ்சதும் குழு வந்து வாங்கிக்கும். ஒவ்வொரு அறையிலயும் இன்னிக்கு யார் யார் இருக்காங்கன்னு பேரோட எழுது.”

கிளார்க் அறை அறையாகப் போய்ப் பெயர் எழுதினார். முப்பத்தெட்டுப் பேரும் தங்கள் பெயரை, அப்பா பெயரோடு, ஊர்ப் பெயரோடு, தேவைக்கு மேல் சத்தமாகச் சொன்னார்கள்.

லாமிசி அம்மா கடைசியாக அடோமாக்கோ பக்கம் திரும்பினார். “தம்பி, நாங்க வர்றப்போ இவங்க யாராவது இங்க இல்லேன்னா, எங்க வழியை நாங்க எங்க போய்த் தேடறது? இருப்பாங்கல்ல?”

“இருப்பாங்க மேடம்,” என்றான் அவன்.

“சத்தமாச் சொல்லுப்பா,” என்றார் இசாக்கா தன் வாசலிலிருந்து. “எழுதறவருக்குக் கேக்கல.”

அடோமாக்கோ தொண்டையைச் செருமிக்கொண்டு, பதினோரு வாசலுக்கும் கேட்கும்படி இன்னொரு தடவை சொன்னான்.

“இருப்பாங்க.”

கிளார்க் அதை எழுதி, கீழே கோடு போட்டார்.